பெயரை மறைத்த ‘மாணவர்’

கல்லூரியில் புள்ளியியல் எடுத்தால் ‘ஸ்டூடண்ட் டி சோதனை’யைத் தொடாமல் தப்ப முடியாது. யாரோ ஒரு மாணவர் கண்டுபிடித்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவரோ பீர் ஆலை ஊழியர்!

வில்லியம் சீலி கோசெட் 1876இல் இங்கிலாந்தின் கேன்டர்பரியில் பிறந்தார். ஆக்ஸ்ஃபர்டில் கணிதமும் வேதியியலும் படித்துவிட்டு, 1899இல் டப்ளின் நகரின் கின்னஸ் ஆலையில் சேர்ந்தார். இரண்டு பார்லி வகைகளில் எது சிறந்தது என்று அறிய அவற்றின் சராசரிகளை ஒப்பிட வேண்டும். கையில் இருப்பதோ சில அளவீடுகள்தாம். அன்றைய சூத்திரங்களுக்கு நிறைய அளவீடுகள் தேவைப்பட்டன. தெரிகிற வித்தியாசம் உண்மையானதா, தற்செயலா? தவறாக முடிவெடுத்தால் ஆலைக்கு நட்டம்.

கோசெட் குறைந்த அளவீடுகளுக்கென்றே ஒரு கணக்கை உருவாக்கினார். அதைச் சரிபார்க்கக் கணினி ஏது? 3,000 குற்றவாளிகளின் உயரத்தையும் நடுவிரல் நீளத்தையும் அட்டைகளில் எழுதினார். அவற்றை நன்றாகக் கலக்கி, நான்கு நான்காக 750 குழுக்களாகப் பிரித்துக் கையாலேயே கணக்கிட்டார். எனக்கு அந்தப் பொறுமை வராது!

1908இல் ‘பயோமெட்ரிகா’ இதழில் கட்டுரை வெளிவந்தது. ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வுகளை வெளியிட ஆலை அனுமதிக்கவில்லை. அதனால் ‘ஸ்டூடண்ட்’ என்று கையெழுத்திட்டார். பின்னர் ரொனால்ட் ஃபிஷர் அந்த முறையை விரிவாக்கினார். கோசெட்டோ 1937இல் இறக்கும்வரை கின்னஸிலேயே வேலை பார்த்தார்.