திரித்துவக் கல்லூரி அதிபர் பிறேசர்

குண்டசாலையினின்றும் மகாவலியைக் கடந்து கண்டி நகரை அடையும் நமக்குத் திரித்துவக் கல்லூரி அறியாததன்று. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகப் புகுமுக வகுப்பு ஈறாகக் கற்பிக்கும் அத்தனியார் கல்லூரியை 1904 முதல் 1924 வரை நடாத்தியவர் அலெக்சாண்டர் கார்டன் பிறேசர். 1873 இல் பிறந்த ஸ்கொத்லாந்தியர். வங்காளத்தில் துணை ஆளுநராயிருந்த சேர் அன்ட்ரூ பிறேசரின் புதல்வர். உகண்டாவிற் பணியாற்றியபின் இலங்கை போந்தவர்.

அக்காலத்து ஆங்கிலக் கல்லூரிகளிலே தாய்மொழிக்கு இடம் அரிது. உத்தியோகத்திற்கு ஆங்கிலமே போதும் என்றிருந்தனர் பெற்றோருட் பலர். இவரோ, தாய்மொழி அறியாதவன் கற்றவனாகான் எனத் துணிந்து, சிங்களத்தையும் தமிழையும் பாடத்திட்டத்திற் புகுத்தினார். நாம் சைவர், அவரோ கிறித்தவ ஊழியத்தின் பொருட்டு வந்தவர். எனினும், நம்மவருட் சிலர் தமிழ் பேச நாணிய நாளில் அயல்நாட்டார் ஒருவர் அதனைப் பேணினார் என்பதை நாம் மறைப்பானேன்? கல்லூரித் தேவாலயத்தையும் ஐரோப்பியப் பாணியை விடுத்து, 54 கற்றூண்கள் தாங்கக் கண்டிச் சிற்பமுறையில் எழுப்பத் தொடங்கினார்.

1924 இல், இன்று கானா எனப்படும் பொற்கரை நாடு சென்று அச்சிமோட்டாக் கல்லூரியின் முதல் அதிபரானார். பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழக வகுப்பு வரை அங்கும் ஒருங்கே அமைந்தன. இளஞ்சிறார் தம் தாய்மொழியிற் கற்றனர். 1935 வரை அப்பணியில் இருந்த பிறேசர் 1962 இல் மறைந்தார்.