நூலும் விரலும்: ராபர்ட் ஹூடின்

திருவிழாக் கூட்டத்தில் மூன்று சீட்டுக்காரனிடம் பணத்தைப் பறிகொடுத்தோர் பலர். அவனுடைய விரல் வேகமும் மேடை வித்தைக்காரரின் விரல் வேகமும் ஒரே கலையின் இரு கிளைகளே. அக்கலையை நூல்வழி கற்று, அதன் தீய கிளையையும் நூல்வழியே அம்பலப்படுத்தியவர் ராபர்ட் ஹூடின்.

1805-இல் பிரான்சு நாட்டின் புளுவா நகரில், கடிகாரம் செய்பவரின் மகனாகப் பிறந்தார். மகன் சட்டத்துறையில் உயர வேண்டுமென்பது தந்தையின் ஆசை; மகனின் நெஞ்சமோ பல்சக்கரங்களிலேயே சுழன்றது. இறுதியில் கடிகாரத் தொழிலே அவருக்கு வாய்த்தது. அத்தொழில் பற்றிய நூலொன்றை வாங்கப் போனவருக்குக் கடைக்காரர் தவறுதலாக வித்தை நூல்களைக் கட்டிக் கொடுத்துவிட்டார் என்று தம் வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை, இரவெல்லாம் படித்தார்.

ஆனால் நூல் வழியைத்தான் காட்டும். ஏற்காட்டு மலைப்பாதையை வரைபடத்தில் ஒரு நொடியில் விரலால் ஏறிவிடலாம். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்தாலன்றி ஏரிக்கரையை அடைய முடியுமா? இதை உணர்ந்த ஹூடின், கால் ஆணி நீக்கும் ஒருவரிடம் பந்துகளை எறிந்து பிடிக்கக் கற்றார். நான்கு பந்துகள் காற்றில் சுழல, கண்கள் புத்தகத்தில் பதிந்திருக்கும் அளவுக்குப் பழகினார். தெருவில் நடக்கும்போதும் அகன்ற சட்டைப் பைகளுக்குள் அவர் கைகள் சீட்டையும் நாணயத்தையும் புரட்டிக்கொண்டே இருந்தன.

1845-இல் பாரிசில் சொந்த அரங்கம் திறந்தார். மந்திரவாதிக் கோலம் பூணாமல், கனவான்கள் அணியும் மாலை உடையிலேயே மேடையேறினார். சென்னையில் ஒருவர் கோலொன்றில் கை ஊன்றி அந்தரத்தில் அமர்ந்து காட்டிய செய்தி 1830-களில் ஐரோப்பிய இதழ்களில் வெளிவந்திருந்தது. அவ்வகை வித்தையை 1847-இல் தம் மகனை மிதக்கவிட்டு ஹூடினும் நிகழ்த்தினார்.

1849-இல் அவருக்கு வேறொரு சோதனை வந்தது. சூதாட்ட மோசடி வழக்கொன்றில் சிக்கிய 150 சீட்டுக்கட்டுகளை ஆராயுமாறு நீதிமன்றம் கேட்டுக்கொண்டது. பல நாள் தேடியும் ஒன்றும் புலப்படவில்லை. ஒருநாள் ஒளி சாய்வாக விழுந்தபோது, சீட்டின் பளபளப்பான முதுகில், மூலையருகே மங்கிய புள்ளியொன்று தெரிந்தது. அப்புள்ளி இருந்த இடமே சீட்டின் மதிப்பைச் சொல்லும் குறி!

குறியிட்ட சீட்டு, கலைப்பதுபோல் கலைக்காமல் விடுதல், வெட்டிய கட்டைப் பழையபடி சேர்த்தல் முதலிய சூதுகளை 1861-இல் தனி நூலாக வெளியிட்டார். திருடனுக்குப் பாடமாகுமே என்ற ஐயம் எழலாம். திருடன் அவற்றை முன்பே அறிவான். அறியாதவன் ஏமாறுபவனே என்பதுதான் அந்நூலின் நியாயம். 1868-இல் வித்தைக் கலைக்கே முறையான பாடநூல் தந்தார். 1871-இல் மறைந்தார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஹூடினி, தம் மேடைப்பெயரை இவர் பெயரிலிருந்தே ஆக்கிக்கொண்டார்.

வித்தைக்காரன் ஏமாற்றப் போவதாகச் சொல்லிவிட்டு மகிழ்விக்கிறான். சூதாடி நம்பச் சொல்லிவிட்டுக் கவிழ்க்கிறான். விரல்களுக்கு இவ்வேறுபாடு தெரியாது; தெரிய வேண்டியது அவற்றை இயக்கும் நெஞ்சுக்கே. கல்வி கற்று வெளியேறும் நமக்கும் இது பொருந்தும் அன்றோ!