மருத்துவர் கோ. வெங்கடசாமி: எளியோருக்கும் எட்டிய கண்புரை சிகிச்சை

உங்கள் வீட்டு முதியவர் எவருக்கேனும் அண்மையில் கண்புரை அறுவை சிகிச்சை நடந்திருந்தால், அவர் கண்ணுக்குள் சிறிய செயற்கை லென்ஸ் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அது ஏழைகளுக்கும் கிடைக்கச் செய்தவர்களுள் முதன்மையானவர் மதுரை மருத்துவர் கோ. வெங்கடசாமி.

1918ஆம் ஆண்டு எட்டயபுரம் அருகே வடமலாபுரத்தில் பிறந்த அவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்றார். கடும் முடக்குவாதம் அவர் விரல்களைக் கோணலாக்கியது. மகப்பேறு மருத்துவராகும் எண்ணத்தைக் கைவிட்டுக் கண் மருத்துவம் கற்று, அதே விரல்களால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளைச் செய்தார். சிற்றூர்களில் கண் சிகிச்சை முகாம்களை நடத்தினார். 1976இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

அக்காலத்தில் புரை நீக்கப்பட்டோர் தடித்த கண்ணாடி அணிய வேண்டியிருந்தது. அது உடைந்தால் பார்வை மீண்டும் மங்கியது. உள்விழி லென்ஸ் அக்குறையை நீக்கியது; ஆயினும் இறக்குமதி விலை எளியோருக்கு எட்டவில்லை. 1992இல் மதுரையில் நிறுவப்பட்ட ஆரோலேப், அதனைக் குறைந்த விலையில் தயாரித்தது. வெங்கடசாமி 2006இல் மறைந்தார்.

கண்புரை மருந்தால் கரையாது. அறுவை சிகிச்சையே தீர்வு. பார்வை மங்கினால் முதுமையின் இயல்பென்று காத்திராமல், அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் கண்களைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.