கப்பலைத் தரைதட்ட வைத்தவர், பசிபிக்கை வழிநடத்தியவர்: யார் இந்த நிமிட்ஸ்?

நிமிட்ஸ் என்றதும் பலருக்கு அமெரிக்காவின் பிரம்மாண்டமான விமானந்தாங்கிக் கப்பல்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் செஸ்டர் நிமிட்ஸ். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் பெருங்கடலில் அமெரிக்கக் கடற்படையை வழிநடத்தியவர்.

1885இல் டெக்சஸ் மாநிலத்தில் பிறந்தார். பிறக்கும் முன்பே அப்பா இறந்துவிட்டார். ராணுவத்தில் சேரத்தான் ஆசை. அங்கே இடம் இல்லை. சரி, கடற்படை என்று போனார்.

1908. வயது 23. பிலிப்பீன்ஸில் டிகேட்டர் என்ற போர்க்கப்பல் அவர் பொறுப்பில். ஒரு நாள் கப்பல் சேற்றுத் திட்டில் மாட்டிக்கொண்டது. இரவில் இனி எதுவும் செய்ய முடியாது என்று தெரிந்ததும், மேல்தளத்தில் கட்டில் போட்டுத் தூங்கிவிட்டார்! மறுநாள் ஒரு சின்ன நீராவிக் கப்பல் இழுத்து விட்டது. பிறகு ராணுவ நீதிமன்ற விசாரணை, கண்டனக் கடிதம். வேலை மட்டும் போகவில்லை.

அதை அவர் மறக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. ஏன்?

1941 டிசம்பர் 7. பேர்ல் ஹார்பர் மீது ஜப்பான் குண்டு வீசியது. 2,400க்கும் அதிகமானோர் மாண்டனர். தளபதி கிம்மலின் பதவி பறிபோனது. அந்த இடத்துக்கு நிமிட்ஸ் வந்தார். பழைய தளபதியின் அதிகாரிகள், நம் கதையும் முடிந்தது என்று நினைத்திருந்தார்கள். நிமிட்ஸ் யாரையும் விரட்டவில்லை. தாக்குதலை முன்கூட்டியே கணிக்கத் தவறிய உளவுப் பிரிவு அதிகாரி எட்வின் லேட்டனைக்கூட அதே வேலையில் வைத்துக்கொண்டார்.

ஆறே மாதத்தில் அதற்குப் பலன் கிடைத்தது.

1942 மே. ஜப்பானின் ரகசியச் செய்திகளில் 'ஏ.எஃப்.' என்ற இடத்தின் பெயர் அடிக்கடி வந்தது. ஜோசஃப் ரோஷ்ஃபோர்ட்டின் குழு அது மிட்வே தீவு என்றது. வாஷிங்டனில் சிலருக்குச் சந்தேகம். உடனே ஒரு தந்திரம் செய்தார்கள். குடிநீர்க் கருவி கெட்டுவிட்டது என்று மிட்வேயிலிருந்து வெளிப்படையாகச் செய்தி அனுப்ப வைத்தார்கள். 'ஏ.எஃப்.'இல் தண்ணீர்த் தட்டுப்பாடு என்று ஜப்பானியர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மாட்டினார்கள்!

ஆனாலும் முடிவு எடுக்க வேண்டியவர் நிமிட்ஸ்தான். கையில் இருந்தவை மூன்றே விமானந்தாங்கிக் கப்பல்கள். அதில் யார்க்டவுன் அடிபட்டுக் கிடந்தது. பழுதுபார்க்க மூன்று மாதம் ஆகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். மூன்று நாளில் முடிக்கச் சொன்னார். முடித்தார்கள். மூன்றையும் மிட்வேக்கு அனுப்பினார். உளவுக் கணிப்பு தப்பாக இருந்திருந்தால்? ஹவாயியைக் காக்க ஒரு விமானந்தாங்கியும் இருந்திருக்காது.

அவர் போர்க்களத்தில் இல்லை. சுமார் 2,000 கிலோமீட்டர் தள்ளி, பேர்ல் ஹார்பரில் செய்திக்காகக் காத்திருந்தார். பெருங்கடல் தளபதியின் வேலை பெரும்பாலும் இந்தக் காத்திருப்புதான். சரியான ஆளை அனுப்பிவிட்டு, நடுவில் மூக்கை நுழைக்காமல் இருக்கவேண்டும்.

ஜூன் 4. எதிரி எங்கே, எப்போது தென்படுவான் என்று லேட்டன் சொன்னது கிட்டத்தட்ட அப்படியே நடந்தது. அந்தச் சண்டையில் ஜப்பான் நான்கு விமானந்தாங்கிகளை இழந்தது. யார்க்டவுனும் மூழ்கியது. சுமார் 3,000 ஜப்பானியர்களும் 300க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களும் உயிரிழந்தனர்.

போர் மேலும் மூன்று ஆண்டு நீடித்தது. 1945 செப்டம்பர் 2, மிசூரி கப்பலில் ஜப்பானின் சரணடைவு ஆவணத்தில் அமெரிக்காவின் சார்பில் கையெழுத்திட்டவர் நிமிட்ஸ்.

அதற்குப் பிறகு அவர் செய்த ஒன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நீர்மூழ்கிப் போருக்காக ஜெர்மானியத் தளபதி டோனிட்ஸ் நியூரம்பர்க் நீதிமன்றத்தில் நின்றபோது, பசிபிக்கில் அமெரிக்க நீர்மூழ்கிகளும் வணிகக் கப்பல்களை எச்சரிக்கையின்றித் தாக்கியதை நிமிட்ஸ் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டார். ஜெயித்தவர் அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் என்ன?

1966இல் காலமானார். கலிஃபோர்னியாவில் அவர் கல்லறைக்குப் பக்கத்தில் ஸ்ப்ரூயன்ஸ், டர்னர், லாக்வுட் ஆகிய மூவரும் இருக்கிறார்கள். பசிபிக்கில் அவருக்குக் கீழே பணியாற்றிய தளபதிகள். பக்கத்தில் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்று நால்வரும் முன்பே பேசி வைத்திருந்தார்கள்.