நாணயம் சுண்டி முடிவான திருமணம்: ஹாலிவுட் நகைச்சுவை நாயகி கரோல் லம்பார்டின் 33 ஆண்டு வாழ்க்கை

ஹாலிவுட்டில் பேசும் படங்கள் வரத் தொடங்கிய காலத்தில், அவசரத் திருமணம் காதல் நகைச்சுவைப் படங்களுக்குப் பெரிதும் கைகொடுத்த கதைக்கருவாக இருந்தது. 1932ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் பாராமவுண்ட் நிறுவனம் வெளியிட்ட 'நோ மேன் ஆஃப் ஹெர் ஓன்' அவ்வகைப் படங்களுள் ஒன்று. நியூயார்க்கில் சீட்டாட்ட மோசடியில் பிழைக்கும் ஒருவன், காவல் துறையின் கண்ணில் படாமலிருக்க ஒரு சிற்றூருக்கு வருகிறான். அங்குள்ள நூலகத்தில் பணிபுரியும் பெண்ணைச் சந்திக்கிறான். மணந்துகொள்வதா, வேண்டாமா என்பதை நாணயத்தைச் சுண்டிப் பார்த்து இருவரும் முடிவு செய்கின்றனர். கணவனின் தொழில் என்ன என்பது திருமணத்துக்குப் பிறகே அவளுக்குத் தெரிய வருகிறது.

நாயகனாக நடித்தவர் கிளார்க் கேபிள். நூலகப் பெண்ணாக நடித்தவர் கரோல் லம்பார்ட். அப்போது அவருக்கு வயது 24. கதையில் புதுமை அதிகமில்லை. ஆனால் சிற்றூரின் சலிப்பிலிருந்து வெளியேறத் துடிக்கும் அப்பெண்ணை லம்பார்ட் ஏமாளியாகக் காட்டவில்லை. தான் எடுக்கும் முடிவின் ஆபத்தை அறிந்தே துணிபவளாக நடித்தார். படம் இன்றும் பார்க்கத்தக்கதாக இருப்பதற்கு அதுவே காரணம்.

பேஸ்பால் ஆடிய சிறுமி: இண்டியானா மாகாணத்தின் ஃபோர்ட் வேய்ன் நகரில் 1908ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் தேதி பிறந்தார். இயற்பெயர் ஜேன் ஆலிஸ் பீட்டர்ஸ். தாய் எலிசபெத், கணவரைப் பிரிந்து குழந்தைகளுடன் லாஸ் ஏஞ்சல்ஸில் குடியேறினார். 12 வயதில் பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்த சிறுமியை இயக்குநர் ஆலன் டுவான் கண்டு, 1921இல் வெளியான படம் ஒன்றில் நடிக்க வைத்தார். பின்னர் ஃபாக்ஸ் நிறுவனத்தின் ஒப்பந்தம் கிடைத்தது. எனினும் கார் விபத்து ஒன்றில் முகத்தின் இடப்பக்கம் கிழிந்து தழும்பானது; அந்த வாய்ப்பும் கைநழுவியது. முகமே முதலீடாகக் கருதப்பட்ட தொழிலில், அத்துடன் அவரது கதை முடிந்திருக்கலாம். மாறாக, தழும்பு தெரியாமலிருக்க ஒளி எப்படி விழ வேண்டும், கேமரா எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டார். மாக் செனட்டின் குறும்படங்களில் விழுந்து புரண்டு சிரிக்க வைக்கும் பயிற்சியும் கிடைத்தது.

1931இல் தன்னைவிட 16 வயது மூத்தவரான நடிகர் வில்லியம் பவலை மணந்தார். கேபிளுடன் நடித்தபோது லம்பார்ட் பவலின் மனைவி, கேபிளும் திருமணமானவர். படப்பிடிப்புத் தளத்தில் இருவருக்கும் இடையே காதல் எதுவும் மலரவில்லை. அவர்கள் சேர்ந்து நடித்த ஒரே படமும் அதுதான்.

பவலுடனான மணவாழ்க்கை 1933இல் முறிந்தது. அடுத்த ஆண்டு ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கிய 'ட்வென்டியத் செஞ்சுரி' வெளியானது. அழகாகத் தெரிய வேண்டும் என்ற கவலையை விட்டுவிட்டு, கத்தி, உதைத்து, ஜான் பேரிமோருக்கு ஈடுகொடுத்தார் லம்பார்ட். அமெரிக்க நகைச்சுவையின் முன்வரிசைக்கு அவரைக் கொண்டு சென்ற படம் இது. 1936இல் 'மை மேன் காட்ஃப்ரே' அவருக்கு ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றுத் தந்தது. அதில் அவரே நாயகியாக வேண்டும் என்று வலியுறுத்தியவர், விவாகரத்தான கணவர் பவல் என்பது குறிப்பிடத்தக்கது.

அதே 1936இல்தான் கேபிளுடன் நெருக்கம் ஏற்பட்டது. 1939 மார்ச்சில் கேபிளுக்கு விவாகரத்து கிடைத்தது. அவர் 'கான் வித் த விண்ட்' படப்பிடிப்பில் இருந்தார். அதில் கிடைத்த சிறு இடைவெளியில், மார்ச் 29ஆம் தேதி அரிசோனாவின் கிங்மன் நகருக்கு இருவரும் காரில் சென்று, ஆடம்பரமின்றி மணந்துகொண்டனர். திரையில் நாணயம் சுண்டி மணந்தவர்கள், நிஜத்தில் மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

கடைசிப் பயணம்: அமெரிக்கா போரில் இறங்கியதும், 1942 ஜனவரி 15ஆம் தேதி இண்டியானாபொலிஸில் போர் நிதிப் பத்திர விற்பனையில் லம்பார்ட் பங்கேற்றார். ஒரே நாளில் 20 லட்சம் டாலருக்கும் மேல் திரண்டது. திரும்பும்போது ரயிலில் செல்லவே தாயும் உடன் வந்த விளம்பர அதிகாரி ஓட்டோ விங்க்லரும் விரும்பினர். விரைவில் வீடு சேர விரும்பிய லம்பார்ட் விமானத்தைக் கேட்டார். நாணயம் சுண்டப்பட்டது, விமானம் வென்றது என்று சொல்லப்படுகிறது.

வழியில் அல்புகர்க்கியில், ராணுவத்தினருக்கு இருக்கைகள் தேவைப்பட்டதால் பயணிகள் சிலர் இறக்கப்பட்டனர். தானும் போர்ப் பணியில்தான் இருப்பதாக வாதாடி லம்பார்ட் இருக்கையைத் தக்கவைத்துக்கொண்டார். ஜனவரி 16ஆம் தேதி இரவு, லாஸ் வேகஸிலிருந்து புறப்பட்ட சில நிமிடங்களில் விமானம் பொட்டோசி மலையில் மோதியது. விமானம் உரிய பாதையிலிருந்து விலகியிருந்தது. வழிகாட்டும் விளக்குகளில் பலவும் போர்க்கால எச்சரிக்கையாக அணைக்கப்பட்டிருந்தன. லம்பார்ட், தாய், விங்க்லர், ராணுவ விமானப் படையினர் 15 பேர் உட்பட 22 பேரும் உயிரிழந்தனர். அவருக்கு வயது 33.

லூபிட்ச் இயக்கத்தில் அவர் நடித்து முடித்திருந்த 'டு பி ஆர் நாட் டு பி' அடுத்த சில வாரங்களில் திரைக்கு வந்தது. விமானத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்ற பொருளில் அவர் பேசிய ஒரு வரி அதிலிருந்து நீக்கப்பட்டது.

அவ்வாண்டு ஆகஸ்டில் கேபிள் ராணுவ விமானப் படையில் சேர்ந்தார். பின்னர் மேலும் இரு முறை மணம் புரிந்த அவர், 1960 நவம்பரில் காலமானபோது, கலிபோர்னியாவின் க்ளெண்டேல் கல்லறையில் லம்பார்டின் அருகில் வைக்கப்பட்டார்.