முப்பது ஆண்டு ஊர் திரும்பாத ஹோசிமின்

1911-ம் ஆண்டு ஜூன் 5-ந் தேதி சைகோன் துறைமுகத்தை விட்டு ஒரு பிரெஞ்சுக் கப்பல் புறப்பட்டது. அதன் சமையல்கட்டில் எடுபிடி வேலைக்கு ஓர் இளைஞர் சேர்ந்திருந்தார். வயது 21. வான் பா என்று பெயர் கொடுத்திருந்தார். அது உண்மைப் பெயர் அல்ல. காய்கறி நறுக்குவது, பாத்திரம் தேய்ப்பது, அடுப்புக்குக் கரி அள்ளுவது இவைதான் அவருக்கு இட்ட வேலை.

மறுபடி அவர் தாய்மண்ணை மிதித்தபோது வயது 50. ஹோசிமின் என்று பின்னாளில் உலகம் அறிந்த வியட்நாம் தலைவர் அவரே.

வேலை இழந்த தந்தை

வியட்நாமின் நடுப்பகுதியில் உள்ள நெ ஆன் ஓர் ஏழை மாகாணம். அங்குள்ள கிம் லியென் கிராமத்துக் குடும்பத்தில் 1890 மே 19-ந் தேதி அவர் பிறந்தார். தந்தை அரசவைத் தேர்வில் தேறிய படிப்பாளி. தாய் 1901-ல் ஹுவே நகரில் இறந்தபோது பையனுக்கு வயது 10.

தந்தை வட்டார அதிகாரியாக இருந்தார். அவர் விதித்த பிரம்படி பெற்ற ஒருவர் பிறகு இறந்துவிட, 1910-ல் வேலை பறிபோயிற்று. அதன்பின் தெற்கே சென்று நாட்டு வைத்தியம் பார்த்துக் காலம் தள்ளினார். 1929-ல் அங்கேயே கண்ணை மூடினார். மகன் அருகில் இல்லை.

அந்நாளில் சைகோனும் நம் புதுச்சேரியும் ஒரே பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தன. சைகோனில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வட்டிக்கடைகள் இருந்தன. புதுச்சேரித் தமிழர் பலர் அங்கே அரசாங்க வேலை பார்த்தனர்.

பிறக்கும்போதே புரட்சிக்காரர் என்று சிலர் எழுதுவர். அது சரியல்ல. பிரான்ஸ் போய்ச் சேர்ந்ததும், காலனி அதிகாரிகளைத் தயார் செய்யும் பள்ளியில் இடம் கேட்டு அவர் விண்ணப்பம் போட்டார். இடம் கிடைக்கவில்லை.

பல ஊர், பல பெயர்

பிறகு லண்டனில் பனி வாரினார். ஓட்டல் சமையல்கட்டில் உழைத்தார். பாரிஸில் புகைப்படங்களுக்கு மெருகேற்றும் வேலை செய்தார். முதல் உலகப் போர் முடிந்து 1919-ல் வல்லரசுகள் வெர்சேல்ஸில் கூடியபோது, எட்டுக் கோரிக்கைகள் கொண்ட மனுவை நுயென் ஐ குவோக் என்ற பெயரில் அனுப்பினார். நாட்டை நேசிக்கும் நுயென் என்று அதற்குப் பொருள். முழு விடுதலையைக்கூட அதில் கேட்கவில்லை. கைதிகளுக்கு மன்னிப்பு, பத்திரிகைச் சுதந்திரம் போன்றவற்றைத்தான் கேட்டார். யாரும் செவிசாய்க்கவில்லை.

1920 டிசம்பரில் பிரெஞ்சுக் கம்யூனிஸ்டுக் கட்சி உருவானபோது அவரும் அதில் இருந்தார். பின்னர் மாஸ்கோ, கான்டன், சயாம் என்று அலைச்சல். 1929-ல் பிரெஞ்சு ஆட்சி அவருக்கு மரண தண்டனை விதித்தது; ஆள்தான் சிக்கவில்லை. 1930-ல் ஹாங்காங்கில் சிதறிக் கிடந்த வியட்நாம் கம்யூனிஸ்டுகளை ஒன்று சேர்த்தார். மறு ஆண்டு அங்கேயே பிரிட்டிஷ் போலீசார் கைது செய்தனர். அவர் இறந்துவிட்டதாகப் பத்திரிகைச் செய்தியும் வந்தது!

1941 ஜனவரியில் சீன எல்லையைத் தாண்டி பாக் போ குகையில் தங்கினார். வியட்மின் இயக்கம் பிறந்தது. அடுத்த ஆண்டு சீனாவில் பிடிபட்டு ஓராண்டுக்கு மேல் சிறைகளில் கிடந்தார்.

1945 செப்டம்பர் 2-ந் தேதி ஹனாய் பா தின் சதுக்கத்தில் விடுதலைப் பிரகடனம் வாசித்தார். பிரான்ஸ் விடவில்லை. போர் மூண்டு, 1954 மே மாதம் தியென் பியென் பூவில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. ஆனாலும் நாடு இரண்டாயிற்று. அந்த அக்டோபரிலேயே நேரு ஹனாய் சென்றார். 1958 பிப்ரவரியில் ஹோசிமின் இந்தியா வந்தார். கல்கத்தாவில் அமெரிக்கத் துணைத் தூதரகம் உள்ள தெருவுக்குப் பின்னாளில் அவர் பெயரையே சூட்டினார்கள்.

ஒரு கறையையும் சொல்லத்தான் வேண்டும். வடக்கே நடந்த நிலச் சீர்திருத்தத்தில் பண்ணையார் என்று முத்திரை குத்தி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றனர். விடுதலைப் போருக்கு உதவியவர்களும் அதில் மாண்டனர். 1956-ல் தவறு நடந்ததை ஹோசிமின் ஒப்புக்கொண்டு வருந்தினார். போன உயிர் திரும்புமா?

1957 ஜூனில் பிறந்த ஊருக்குப் போனார். சிறுவயதில் விட்டுவந்த ஊரைக் காண ஐம்பது ஆண்டு ஆகியிருந்தது. அண்ணன் 1950-ல், அக்காள் 1954-ல் இறந்துவிட்டனர். வீடு மட்டும் இருந்தது. அவர் மணம் செய்துகொண்டவராக நாட்டு மக்கள் அறியவில்லை.

மூன்று பங்கு சாம்பல்

தெற்கே அமெரிக்காவுடன் போர் நடக்கையில், 1965 முதல் உயில் எழுதித் திருத்தி வந்தார். உடலை எரிக்க வேண்டும். சாம்பலை மூன்று பங்காக்கி வடக்கு, நடு, தெற்குப் பகுதிகளில் குன்றுகளில் புதைக்க வேண்டும். கல்வெட்டு, சிலை வேண்டாம். வருகிறவர்கள் மரம் நடட்டும். வெற்றிக்குப் பிறகு விவசாயிகளுக்கு ஓராண்டு வரி தள்ளுபடி வேண்டும் என்றும் சேர்த்தார்.

1969 செப்டம்பர் 2-ந் தேதி காலமானார். அது விடுதலை நாள் என்பதால் 3-ந் தேதி இறந்ததாக அறிவித்தனர். உயிலை வெளியிட்டபோது எரிப்பதையும் வரியையும் பற்றிய வரிகளை விட்டுவிட்டார்கள். 1989-ல்தான் கட்சி உண்மையை வெளியிட்டது.

அதற்குள், 1975-ல் சைகோன் வீழ்ந்த சில மாதங்களில், பா தின் சதுக்கத்தில் கல் மண்டபம் எழுப்பியாகிவிட்டது. பதப்படுத்திய அவர் உடல் அங்கே கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது.