பனிக்கண்டத்தில் இந்திரா பதித்த தடம்

நான் பிறந்து வளர்ந்த சுங்கை சிப்புட் தோட்டத்து லயத்தில், பல வீட்டுச் சுவர்களில் நேரு படத்துக்குப் பக்கத்தில் இந்திரா காந்தியின் படமும் தொங்கும். அவர் இந்தியாவின் பிரதமர் என்பதற்குமேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அண்டார்டிகாவுக்கும் அவருக்கும் உள்ள தொடர்பை ஈப்போவில் படிக்கும்போதுதான் அறிந்தேன்.

1917-இல் அலகாபாத்தில் பிறந்தவர் இந்திரா. பத்து வயதில் அவர் முசூரியில் இருந்தபோது, பூமி தோன்றிய கதையையும் கற்கள் சொல்லும் சேதியையும் நேரு கடிதங்களாக எழுதி அனுப்பினார். 1937-இல் தந்தையுடன் மலாயாவுக்கும் வந்தார். அப்போது வயது 19. 1966-இல் பிரதமரானார். 1975-இல் அவசரநிலையை அறிவித்தார். 1977 தேர்தலில் தோற்றார். இதை மறைத்துவிட்டு அவர் வாழ்க்கையைச் சொல்ல முடியாது.

1980-இல் மீண்டும் ஆட்சிக்கு வந்தவர், மறு ஆண்டே கடல்வள மேம்பாட்டுத் துறையைத் தொடங்கித் தம் நேரடிப் பொறுப்பில் வைத்துக்கொண்டார். 1981 டிசம்பர் 6-ஆம் நாள், கடலியல் அறிஞர் காசிம் தலைமையில் 21 பேர் நார்வே நாட்டுக் கப்பலில் கோவாவிலிருந்து புறப்பட்டனர். பயணம் பரம ரகசியம். 1982 ஜனவரி 9-இல் பனிக்கண்டத்தில் இறங்கினர். ஏன் இந்த அவசரம்? அண்டார்டிகா ஒப்பந்தத்தில் புதிதாகச் சேரும் நாடு, அங்கே ஆய்வு செய்து காட்டினால்தான் முடிவெடுக்கும் உரிமை பெறும்.

நம் நாடு வேறு வழியில் போனது. அதே 1982-இல் ஐ.நா. சபையில் மகாதீர், அக்கண்டம் மனிதகுலம் முழுமைக்கும் பொதுச் சொத்து என்று வாதாடினார். 1983 மார்ச்சில் புதுடில்லியில் இந்திரா தலைமையில் கூடிய அணிசேரா நாடுகளின் மாநாட்டிலும் மலேசியா இதை எழுப்பியது. ஆனால் ஆகஸ்டு மாதமே இந்தியா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. செப்டம்பரில் முடிவெடுக்கும் உரிமையும் கிடைத்தது. நியாயம் நம் பக்கம் இருந்ததாகவே நான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் பனியில் கால் பதித்தவர்களின் பேச்சுதான் எடுபட்டது.

1984 அக்டோபர் 31-இல் இந்திரா சுட்டுக் கொல்லப்பட்டார். துருவ ஆய்வுக்கென இந்தியாவின் தேசிய மையம் 1998-இல் கோவாவில் எழுந்தது. நமது தேசிய அண்டார்டிகா ஆய்வு மையம் 2002-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. மலேசியா ஒப்பந்தத்தில் சேர்ந்தது 2011-இல்; அதுவும், தற்செயலாக, அக்டோபர் 31-இல். முடிவெடுக்கும் உரிமை மட்டும் நமக்கு இன்னும் வரவில்லை.